பழைய அட்வென்ச்சர் டூரிங் பைக் வாங்கப் போகிறீர்களா? எதைப் பார்ப்பது, எதை விடுவது

அட்வென்ச்சர் பைக்கில் கீறல் கிடந்தால் பதற வேண்டாம். சரளையில் நிறுத்தியபோது சைடு ஸ்டாண்டு புதைந்து சாய்ந்திருக்கும். மலைப்பாதையில் வண்டியைத் திருப்பும்போது கால் எட்டாமல் கீழே போட்டிருப்பார்கள். கிராஷ் கார்டில் ஒரு சிராய்ப்பு, லீவர் முனையில் ஒரு தேய்மானம், அவ்வளவுதான். புதிதாக வாங்க வருகிறவர்கள் இதையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, பார்க்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். ஏர் ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குள் போன தூசி, சீட்டுக்குப் பின்னால் வருடக்கணக்கில் ஏற்றிய சுமை, காலாகாலத்தில் செய்யாமல் தள்ளிப்போட்ட டேப்பெட் வேலை, அதாவது எஞ்சின் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வது: பிற்பாடு பெரிய செலவு வைப்பவை இவைதான். மூன்றும் போட்டோவில் தெரியாது.

இங்கே சொல்வது சுமார் 400 சிசி முதல் 850 சிசி வரையிலான நடுத்தர வண்டிகளுக்கு. அதற்கு மேலே போனால் எடையும் செலவும் வேறு கணக்கு.

முதலில், எந்தச் சாலைக்கு?

விளம்பரங்களைத் திறப்பதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். ஒரு வண்டி எந்தச் சாலைக்கானது என்பதை முன் சக்கரத்தின் அளவே பெருமளவு சொல்லிவிடும். 17 அங்குலம் என்றால் தார்ச் சாலை வண்டி. கவாசாகி வெர்சிஸ் 650, ஹோண்டா என்சி750எக்ஸ் இரண்டும் அப்படி. உயரமான ஹேண்டில்பாரும் காற்றைத் தடுக்கும் முன்கண்ணாடியும் இருப்பதால் அட்வென்ச்சர் போலத் தெரியும், ஆனால் குழிகளில் முன்சக்கரம் இறங்கி ஏறும்போது உண்மை தெரிந்துவிடும். 19 அங்குலம் நடுவழி: சுசுகி வி-ஸ்ட்ராம் 650 இதற்கு நல்ல உதாரணம். 21 அங்குலம் என்றால் மண், கல், மணல்: யமஹா டெனெரே 700, 2018 வரை வந்த பிஎம்டபிள்யூ எஃப்800ஜிஎஸ், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன்.

என் கருத்தைக் கேட்டால், முதல் டூரிங் பைக்குக்கு 19 அங்குலமே போதும். மண் பாதை ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் வருடத்தில் ஓட்டுகிற தூரத்தைக் கூட்டிப் பார்த்தால், பெரும்பாலானவர்கள் தாரில்தான் இருக்கிறார்கள்.

ஸ்போக் சக்கரமா, அலாய் சக்கரமா என்பதையும் இப்போதே யோசியுங்கள். அலாய் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் ஓடும்; பஞ்சர் ஆனால் சாலையோரமே பிளக் அடித்துவிடலாம். டெனெரே 700, எஃப்800ஜிஎஸ் போன்றவற்றில் ஸ்போக் சக்கரமும் டியூபும். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கல்லில் மோதினால் ஸ்போக் சக்கரம் தாங்கிக்கொள்ளும், பெண்டு எடுக்கவும் முடியும். அலாய் விரிசல் விட்டால் மாற்றுவதுதான் வழி.

உட்கார்ந்து பார்க்காமல் பேரம் பேசாதீர்கள்

சீட் உயரம் வெறும் எண் இல்லை. ஹிமாலயன் 411 சுமார் 800 மி.மீ., 2017க்குப் பிறகு வந்த வி-ஸ்ட்ராம் 650 சுமார் 835 மி.மீ., டெனெரே 700 சுமார் 875 மி.மீ. காகிதத்தில் சில சென்டிமீட்டர்தான் வித்தியாசம். சரிவில் நிறுத்தி, பின்னால் பெட்டிகளோடு, ஒரு காலை ஊன்றும்போது அந்தச் சில சென்டிமீட்டர் வண்டியைக் கீழே போட வைக்கும். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட்டால் போதுமானது. விற்பவர் லோயரிங் லிங்க் போட்டு உயரத்தைக் குறைத்திருந்தால், பழைய லிங்க் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். லிங்க் மாற்றியவர் சைடு ஸ்டாண்டையும் குட்டையாக்கினாரா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் வண்டி நேராக நின்று மறுபக்கம் சாயப் பார்க்கும்.

எஞ்சினை அணைத்து, இறங்கி நின்று, வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். இந்த வகையில் பல வண்டிகள் பெட்ரோலோடு 200 கிலோவைத் தாண்டும். வெறும் வண்டியைத் தள்ளவே மூச்சு வாங்கினால், மூட்டை முடிச்சு ஏற்றிய பிறகு அது உங்களுக்கு நண்பனாக இருக்காது.

பெயர் ஒன்று, வண்டி வேறு

பழைய மாடல்களில் புதியவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது. பிஎம்டபிள்யூ எஃப்650ஜிஎஸ் என்ற பெயரில் இரண்டு முற்றிலும் வேறான வண்டிகள் உண்டு. 2007 வரை வந்தது 652 சிசி ஒற்றை சிலிண்டர். 2008 முதல் 2012 வரை வந்தது 798 சிசி இரட்டை சிலிண்டர். எஃப்800ஜிஎஸ்-இல் இருந்த அதே எஞ்சின்தான், சக்தி குறைத்து வைத்திருந்தார்கள். ஹோண்டா சிபி500எக்ஸ் 2013-இல் வந்தபோது முன்சக்கரம் 17 அங்குலம், 2019-இல் இருந்து 19. டிரையம்ஃப் டைகர் 800-இல் எக்ஸ்சி என்று வருகிற பெயருக்கு 21 அங்குல ஸ்போக் சக்கரம், சாலைக்கான வகைகளுக்கு 19 அங்குல அலாய். வி-ஸ்ட்ராம் 650 2004-இல் வந்தது. 2012-இல் உருவம் மாறி டேங்க் 22 லிட்டரில் இருந்து 20 ஆனது, 2017-இல் டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின்சக்கரம் வழுக்காமல் தடுக்கும் வசதி) சேர்ந்தது. அதனால் மாடல் பெயரை மட்டும் கேட்டு விலையை ஒப்பிடாதீர்கள். தயாரிப்பு ஆண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒவ்வொரு மாடலுக்கும் ஊரறிந்த பலவீனம் ஒன்றாவது இருக்கும். ஆரம்பகால எஃப்800ஜிஎஸ் வண்டிகளில் ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் சுருள்) கருகுவது பலர் சந்தித்த பிரச்சினை. ஒற்றை சிலிண்டர் எஃப்650ஜிஎஸ்-இல் வாட்டர் பம்ப் சீல் தேய்ந்து கூலன்ட் கசியும். 1987-இல் இருந்து ஓடுகிற கவாசாகி கேஎல்ஆர்650-இன் பழைய வண்டிகளில், எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்சரின் செயினை இறுக்கிப் பிடிக்கும் சின்ன லீவர் உடைவது பிரசித்தம். உறுதியான மாற்று லீவர் போட்ட வண்டி கிடைத்தால் அது கூடுதல் மதிப்பு. பலவீனம் இருக்கிறது என்பதற்காக வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. அது சரி செய்யப்பட்டதா, பில் இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

பிராண்டு விசுவாசம் இந்த இடத்தில் உதவாது. எளிமையான, கொஞ்சம் அலுப்பான, நிறைய விற்ற மாடல் பழையதாக வாங்க நல்லது. உதிரிபாகம் கிடைக்கும், கைவைத்துப் பழகிய மெக்கானிக் இருப்பார்.

போனிலேயே பாதி வேலை

பார்க்கப் போவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். எத்தனையாவது ஓனர்? கடைசியாக டேப்பெட் பார்த்தது எத்தனை கிலோமீட்டரில்? ஃபோர்க் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? பெட்டிகள் மாட்டி ஓட்டினீர்களா, இரண்டு பேராகவா? ஏன் விற்கிறீர்கள்? டேப்பெட் கேள்விக்கு வருகிற பதில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். வண்டியைப் பராமரித்தவர் கிலோமீட்டரைச் சொல்வார். “அதெல்லாம் சர்வீஸில் பார்த்திருப்பார்கள்” என்றால் யாரும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் முக்கியம்? பல நடுத்தர வண்டிகளில் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய டேங்கை இறக்கி, கேம்ஷாஃப்டைக் கழற்றி, ஷிம் எனும் சின்ன உலோகத் தகடுகளை மாற்ற வேண்டும். நேரம் பிடிக்கும், கூலியும் அதிகம். கையேட்டின்படி டைகர் 800-க்கு 20,000 கி.மீ., வி-ஸ்ட்ராம் 650-க்கு 24,000 கி.மீ., டெனெரே 700-க்கு ஐரோப்பியக் கையேட்டில் 40,000 கி.மீ. ஒருமுறை. இந்த எண்ணை நெருங்கும்போது வண்டி விற்பனைக்கு வந்தால், அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்பது என் சந்தேகம். ஹிமாலயன் 411-இல் இந்தத் தலைவலி குறைவு: ஸ்க்ரூவும் நட்டும் கொண்ட பழைய முறை, கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம்.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுங்கள்: “நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.”

நேரில்: எஞ்சின் ஆறியிருக்கட்டும்

போனதும் எஞ்சின் பக்கத்தில் கை வையுங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். ஆறிய எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும்: ஸ்டார்ட் ஆகச் சிணுங்குகிறதா, கேம் செயின் கடகடக்கிறதா, புகை வருகிறதா. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

இப்போது தூசி. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். சில வண்டிகளில் சுலபம். டெனெரே 700-இல் சீட்டைத் தூக்கினாலே போதும். வி-ஸ்ட்ராமில் டேங்கைத் தூக்க வேண்டும், அதனால் விற்பவர் முகம் சுளிக்கலாம். அப்படியானால் ஒரு மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். ஃபில்டர் அழுக்காக இருப்பது பிரச்சினை இல்லை, அதன் வேலையே அதுதான். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், எஞ்சினை நோக்கிய சுத்தமான பக்கத்தில் வெள்ளைத் துணியால் துடையுங்கள். அங்கே மெல்லிய மண் படிந்திருந்தால், ஃபில்டர் சரியாக உட்காராமலோ கிழிந்தோ ஓடியிருக்கிறது. அந்த மண் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போலத் தேய்த்திருக்கும். சத்தம் இன்னும் வராமல் இருக்கலாம், ஆயில் குடிக்க ஆரம்பித்திருக்கும். கூட்டமாக மண் பாதையில் போகிறவர்களின் வண்டிகளில், முன்னால் போகிறவர் கிளப்பிய தூசி முழுவதையும் பின்னால் வருகிற வண்டி குடிக்கிறது. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அப்படிப்பட்ட வண்டியை நான் வாங்க மாட்டேன்.

அடுத்து சுமை. சீட்டைக் கழற்றுங்கள். பெட்டி மாட்டும் ராக் எங்கே போல்ட் செய்யப்பட்டிருக்கிறதோ அங்கே டார்ச் அடியுங்கள். சப்ஃபிரேமில் (சீட்டையும் சுமையையும் தாங்கும் பின்பக்க ஃபிரேம்) வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் விரிந்திருக்கிறதா, துருக் கோடு ஓடுகிறதா, பிறகு வைத்த வெல்டிங் தெரிகிறதா, போல்ட் துளை நீள்வட்டமாகி இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் பத்தடி தள்ளி நின்று, டெயில் லாம்பு சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா என்று கண்ணால் அளந்து பாருங்கள். டாப் பாக்ஸுக்குத் தயாரிப்பாளர்கள் அனுமதிப்பது பெரும்பாலும் 5 முதல் 10 கிலோதான். அதில் கூடாரம், கருவிகள், தண்ணீர் என்று எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு கல் பாதையில் போனவர்கள் ஏராளம். சில வண்டிகளில் சப்ஃபிரேமை மட்டும் தனியாக மாற்றலாம். டெனெரே 700-இன் முதல் தலைமுறையில் அது முக்கிய ஃபிரேமோடு வெல்டு செய்யப்பட்டது. வளைந்தால் சிக்கல் பெரிது.

விபத்து நடந்ததா என்று தெரிந்துகொள்ள ஹேண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, ஃபிரேமில் அது முட்டி நிற்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே உலோகம் நசுங்கியிருந்தால் முன்பக்கம் பலமாக மோதியிருக்கிறது. எஞ்சினுக்கு அடியில் உள்ள பாதுகாப்புத் தகடான சம்ப் கார்டில் கோடுகள் இருந்தால் பரவாயில்லை. அதைத் தாண்டி எஞ்சின் அடிப்பகுதியில் அடி இருந்தால் யோசியுங்கள்.

மற்றவை, வேகமாக

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடமிருந்து வலம் திருப்புங்கள். நடுவில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் உட்கார்வது போல இருந்தால் கோன் செட் (ஹேண்டில் கழுத்தில் உள்ள பேரிங்) போய்விட்டது. ஃபோர்க் குழாயில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சின்னப் பள்ளங்கள் இருந்தால் சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும். பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது.

பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது. பல் முனை கொக்கி போல வளைந்திருந்தால் செட்டாகவே மாற்ற வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் டிஓடி எழுத்துக்களோடு வரும் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். தடம் நிறைய இருந்தாலும் டயர் வயதாகியிருந்தால் அதை நம்பித் தூரப் பயணம் போகக்கூடாது. பிரேக் டிஸ்கில் குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும், ஒரு சின்ன வெர்னியர் காலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி) இருந்தால் அளந்துவிடலாம்.

மல்டிமீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். எஞ்சின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவும், எஞ்சின் 4,000 ஆர்பிஎம் சுற்றும்போது 13.8 முதல் 14.5 வரையும் வந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. ஃபாக் லாம்பு, போன் சார்ஜர், ஹாரன் எல்லாம் கூடுதலாக மாட்டிய வண்டி என்றால் சீட்டுக்கடியில் ஒயரிங்கைப் பாருங்கள். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் டேப் சுற்றிய ஒயர்கள் நேராக பேட்டரிக்குப் போனால், அவர் இன்னும் எங்கெங்கே கை வைத்தாரோ.

சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும், வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. முதலிலேயே எரியவில்லை என்றால் கோளாறை மறைக்க யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

ஓடோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். கிரிப், ஃபுட் பெக் ரப்பர், சீட் ஓரம், டிஸ்க் விளிம்பு எல்லாம் சேர்ந்து ஒரு கதை சொல்லும். 12,000 கி.மீ. காட்டுகிற வண்டியில் ஃபுட் பெக் வழவழவென்று தேய்ந்திருந்தால் கதை பொருந்தவில்லை. அதே சமயம், பத்து வருடத்தில் வெறும் 8,000 கி.மீ. ஓடிய வண்டியைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். நின்றே கிடந்தால் சீல் காயும், டேங்கில் துரு பிடிக்கும், இன்ஜெக்டர் அடைக்கும். பில்களோடு 45,000 கி.மீ. ஓடிய வண்டியே எனக்குப் பிடிக்கும்.

ஓட்டிப் பாருங்கள்

குறைந்தது இருபது நிமிடம், எஞ்சின் நன்றாகச் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறையாவது சுற்றும்வரை. விற்பவர் தயங்கினால் அடையாள அட்டையையோ நீங்கள் வந்த வண்டியின் சாவியையோ அவரிடம் கொடுங்கள்.

டாப் கியரில் குறைந்த வேகத்தில் இருந்து திடீரென்று முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். ஆர்பிஎம் ஏறி, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டாவது கியரில் இழுக்கும்போது நியூட்ரலுக்குத் துள்ளினால் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும், விட்டுவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது லீவர் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கலாம். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை துள்ளினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. இந்த வகை வண்டிகளில் பின் ஷாக் சுமையால் சீக்கிரம் சோர்வது சகஜம். ரீபில்டு செய்ய முடிகிற ஷாக்கா என்பதை வைத்து விலையைக் குறையுங்கள். முன்கண்ணாடிக் காற்று தலையை ஆட்டுவது வி-ஸ்ட்ராம் உட்படப் பல மாடல்களில் உண்டு. அது கோளாறு இல்லை, வேறு கண்ணாடி மாட்டினால் தீரும்.

தாள்களும் பேரமும்

சேஸிஸ் எண் 17 எழுத்து, பெரும்பாலும் ஹேண்டில் கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும். அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துக்கள் வராது. பதிவுத் தாளில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள், எஞ்சின் எண்ணையும் சேர்த்து. பொறித்த இடத்தில் அரம் போட்ட தடமோ புது பெயின்ட்டோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். கடன் பாக்கி இல்லை என்பதற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள். சேஸிஸ் எண்ணை வைத்து, தயாரிப்பாளர் திரும்ப அழைத்த குறைகள் இந்த வண்டியில் சரி செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். அது இலவச வேலைதான், விட்டுப்போயிருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம்.

பேரத்துக்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேசுங்கள்: டயர், செயின் செட், பேட்டரி, டேப்பெட், ஷாக். ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை விலையில் இருந்து கழியுங்கள். கிராஷ் கார்டு, சம்ப் கார்டு, நல்ல பெட்டிகள் இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூட்டலாம். சத்தம் போடும் சைலன்சருக்கு ஒன்றும் கூட்ட வேண்டாம். ஒரிஜினல் சைலன்சர் எங்கே என்று மட்டும் கேளுங்கள்.

வாங்கியதும் நேராக நீண்ட பயணம் கிளம்பாதீர்கள். எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபோர்க் ஆயில் எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். அப்புறம் முதல் ஆயிரம் கிலோமீட்டரைத் திரும்பி வர முடிகிற தூரத்துக்குள்ளேயே ஓட்டி, ஆயில் அளவை அடிக்கடி பாருங்கள். ராக் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) வைத்து இறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். எது தளர்கிறது என்று அடுத்த முறை குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.